வடை சுட்டுத் தேறிய டீசல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அந்தக் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவரும்தான். எனக்குத் தொண்டை கம்மல். தூரத்தில் இருந்தால் பாதிக் கதைதான் வந்து சேரும். மீதியை நீங்களே இட்டுக்கட்டிக்கொண்டு என் பேரைச் சொல்வீர்கள்.

ஒரு காட்டில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. சிங்கமும் யானையும் நரியும்கூட இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் இல்லாமல் காடு இருந்துவிடும், இன்ஜின் இல்லாமல் இருக்காது. ஒரு காலத்தில் மனுஷர்கள் அங்கே காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பி சரிப்படவில்லை. போகும்போது நாற்காலியைத் தூக்கினார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், இன்ஜினைத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கொட்டகையோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இன்ஜின்தான் கீழே ஓடைப் பள்ளத்திலிருந்து தண்ணீரை இழுத்து மேலே பாறைக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினை ஓட்டியவன் சடையன் என்கிற கரடி. கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புகிற தோள் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. மூளை அவ்வளவாக இல்லை, ஆனால் இன்ஜின் அதைக் கேட்கவும் இல்லை.

பாறைக் குளத்தில் குடியிருந்தவள் ஓட்டாயி என்கிற ஆமை. அந்த வருஷம்தான் அவள் முட்டைகள் பொரிந்து, சட்டைப் பொத்தான் அளவில் குஞ்சுகள் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தன. குளம் வற்றினால் ஓடைக்குப் போக வேண்டும். ஓடைக்குப் போக வேண்டுமென்றால் கொதிக்கிற பாறையைத் தாண்ட வேண்டும். பாறைக்கு மேலே எப்போதும் ஒரு பருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டாயிக்கு ஓடு தாங்கும். குஞ்சுகளுக்கு ஓடு இன்னும் அப்பளம் மாதிரிதான்.

கோடை நடுவில் டீசல் தீர்ந்தது.

"அக்கா, டின்னைக் கவுத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், நக்கியும் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை" என்றான் சடையன்.

"நக்குனியா?"

"கடைசிச் சொட்டு வீணாப் போயிடக்கூடாதேன்னுதான்."

"வயித்துல ஊத்திக்கிட்டா மட்டும் இன்ஜின் ஓடுமாடா?"

ஓட்டாயி குளத்தைப் பார்த்தாள். நேற்று நனைந்திருந்த பாறை இன்று காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தலையை நீட்டி, "புங்கங்கொட்டை பொறுக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"முன்னாடி ஒரு தடவை காலேஜ் பசங்க சிலர் இந்தக் கொட்டகைக்கு வந்து, புங்க எண்ணெயைப் பக்குவம் பண்ணி, இதே இன்ஜினை ஓட்டிப் பார்த்தாங்க. நான் வாசல்ல கல்லு மாதிரி கிடந்து பூராவும் பார்த்தேன். ஒருத்தன் என்மேல உட்கார்ந்து டீயே குடிச்சான்."

சடையன் கொட்டையைக் கூடை கூடையாகப் பொறுக்கினான். கல்லில் இடித்து, பிழிந்து, எண்ணெய் எடுத்தான். அதுவரைக்கும் சரி. ஓட்டாயி நடந்து கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பச்சை எண்ணெயை அப்படியே இன்ஜினில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினான். இன்ஜின் சளி பிடித்த கிழவன் மாதிரி இருமியது. கறுப்பாகப் புகையைத் துப்பியது. பிறகு நின்றுவிட்டது.

"பச்சை எண்ணெய் கெட்டிடா. நாசில் வழியாப் பூமாரி மாதிரி தெறிக்கணும். இது மூக்கொழுகுற மாதிரி ஒழுகும். கழட்டித் துடை" என்றாள் ஓட்டாயி.

அவன் கழற்றித் துடைத்தான். அவள் பக்குவம் சொன்னாள். எண்ணெயை இளஞ்சூடு பண்ண வேண்டும். கொட்டகை மூலையில் அந்தப் பசங்கள் விட்டுப்போன ஸ்பிரிட்டில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் கலக்க வேண்டும். ஸ்பிரிட் கேனைத் திறந்ததும் சடையன் மூக்கு தானாக அந்தப் பக்கம் போனது.

"ஒரே ஒரு மடக்கு, அக்கா..."

"குடிச்சா முதல்ல கண்ணு போகும். அப்புறம் நீயே போயிடுவே."

சடையன் மூக்கைப் பொத்திக்கொண்டு கலக்கினான். கலக்கியதை ஆற வைத்தார்கள். மறுநாள் பார்த்தால், அடியில் வெல்லப்பாகு மாதிரி கசடு இறங்கியிருந்தது. மேலே தெளிவாக, பொன் நிறத்தில் எண்ணெய்.

"தேன் மாதிரி இருக்கே, அக்கா!"

"தேன் இல்லை. தள்ளி நில்லு."

மேலாக நின்றதை எடுத்துத் தண்ணீர் விட்டு அலசினார்கள். முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக வந்தது. அது தெளிகிற வரைக்கும் அலசி, ஈரம் போகக் காய்ச்சி, வடிகட்டி, இன்ஜினில் ஊற்றினார்கள். சடையன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான்.

டுக்கு டுக்கு டுக்கு என்று இன்ஜின் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வந்தது. குஞ்சுகள் தண்ணீர் விழுகிற இடத்துக்கே போய் உருண்டன. புகை மெல்லிசாக வந்தது. ஆனால் அந்தப் புகையில் ஒரு வாசனை. பலகாரக் கடை வாசலில் நின்ற மாதிரி ஒரு வாசனை.

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நரி வந்து சேர்ந்தான். அவன் பெயர் குணசீலன். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்தது, அதற்கு அவன் பொறுப்பாக முடியுமா? காட்டின் எண்ணெய்ச் சோதனைக் குழுவுக்கு அவன்தான் செயலாளர்.

"நிறுத்து! என்ன எண்ணெய் இது? குழுவுல தேறினதா?"

"இன்ஜின்ல தேறிடுச்சுங்க. கேட்டுப் பாருங்க, எப்படி ஓடுது!" என்றான் சடையன்.

"இன்ஜின் யாரு தேர்ச்சி கொடுக்க? நாளைக்குக் குழுவுக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் இது ஓடக்கூடாது." இன்ஜின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டில் திருவிழா வந்தால், பலகாரம் சுட எந்த எண்ணெய் நல்லது என்று பார்க்க வைத்த குழு அது. பிறகு இன்ஜினுக்கு மாற்று எண்ணெய் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, புதுசாக ஒரு குழு போடச் சிங்கத்துக்குச் சோம்பல். "எண்ணெய்னா எண்ணெய்தானே, இருக்கிறவங்களே பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துவிட்டது. குழுவும் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. இன்ஜினுக்கென்று வருகிற எண்ணெயில் உளுந்து வடை சுடச் சொல்லும். தின்னும். முடிவு சொல்லும்.

குழுவுக்குத் தலைவர் கஜபதி யானை. உறுப்பினர் ஒரு மயில் அம்மாள், பெயர் சிங்காரவல்லி.

"போன தடவை கடலெண்ணெய் வந்துச்சு. ஆஹா! உடனே தேர்ச்சி கொடுத்தோம்" என்றார் கஜபதி.

"அதை ஊத்தின பக்கத்துக் காட்டு இன்ஜின் அடைச்சு நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேனே, ஐயா?" என்று ஓட்டாயி பணிவாகக் கேட்டாள்.

"அது இன்ஜின் கோளாறு. வடை நல்லாத்தான் இருந்துச்சு."

ஓட்டாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புங்க எண்ணெய் எவ்வளவு பக்குவப்பட்டாலும் நாக்குக்குக் கசப்புதான். அதில் சுட்ட வடையை எதிரிக்குத்தான் கொடுக்கலாம். தேறாவிட்டால் கைப்பிடி வராது. கைப்பிடி வராவிட்டால் தண்ணீர் வராது.

குழுவின் அடுப்படி மறைவில் இருந்தது. சுடுவதைக் குழு பார்ப்பதில்லை, கண்ணில் புகை பட்டால் மயில் அம்மாளுக்கு மை கலைந்துவிடும். போன தடவை தேறிய கடலெண்ணெய் மீதி அங்கேயே ஒரு டின்னில் இருந்தது. ஓட்டாயி புங்க எண்ணெய் டிரம்மை எல்லோரும் பார்க்கிற மாதிரி முன்னால் வைத்தாள். வடையைக் குழுவின் கடலெண்ணெயிலேயே சுட்டாள்.

தலைவர் ஒரு தட்டு தின்றார். சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு தட்டு தின்றார். மயில் அம்மாள் ஒரு விள்ளல் எடுத்து, "தேங்காய்ச் சட்னி இருந்தா இன்ஜின் இன்னும் நல்லா ஓடும்" என்றாள். நரி கொஞ்சத்தை இலையில் மடித்து, ஆய்வுக்கு என்று இடுப்பில் செருகிக்கொண்டான்.

தகரப் பலகையில் எழுதி, யானை கால் முத்திரை வைத்து, கைப்பிடியோடு கொடுத்தார்கள்: 'சுவை மிக நன்று. மணம் நன்று. மொறுமொறுப்பு நன்று. இன்ஜினுக்கு உகந்தது.'

"அக்கா, இன்ஜினுக்கு மொறுமொறுப்பு எதுக்கு?" என்றான் சடையன்.

"பேசாம டிரம்மைத் தூக்குடா."

பலகையை டிரம்மிலேயே மாட்டி வைக்க வேண்டும், அது சட்டம். மாட்டினார்கள். குளத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுக்க இறைக்க ஒரு டிரம் போதாது. ஓட ஆரம்பித்தால் சடையன் இன்ஜினை விட்டு நகர முடியாது. அதனால் முதலில் இருவரும் இன்னும் கொட்டை பொறுக்கப் போனார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால், கெட்டிக்காரத்தனம் பிழைக்கும் என்று சொல்லி நான் எழுந்து போயிருப்பேன். முடியவில்லையே.

முதலில் காட்டுப்பன்றி குடும்பம் அந்தப் பக்கம் வந்தது. பலகையைப் படித்தது.

"சுவை மிக நன்றுன்னு போட்டிருக்கு."

"இன்ஜினுக்குன்னும் போட்டிருக்கேப்பா."

"இன்ஜினுக்கே கொடுக்கலாம்னா நமக்குக் கூடாதா? நாம என்ன இன்ஜினைவிடக் கேவலமா?"

வாயை வைத்தார்கள். கசந்தது. ஆனால் அரசாங்கமே சுவை என்று எழுதியிருக்கும்போது, கசக்கிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நமக்குத்தான் ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் குடித்தார்கள். முள்ளம்பன்றி வந்தது, மந்திகள் வந்தன, மான்கள் குடத்தோடு வந்தன. நரி ஒரு பானை நிறைய எடுத்துக்கொண்டான். கேட்டதற்கு, மறுசோதனை என்றான்.

சாயங்காலம் புதர் ஓரத்தில் வரிசை நின்றது. நெரிசல் தாங்காமல் முயல் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தது.

"ஏய், எனக்கு முன்னாடி டோக்கன்! பின்னாடி போ!"

"டோக்கன் இருக்குன்னா வயிறு நிக்குமாடா? வழியை விடு!"

ஓட்டாயியும் சடையனும் கூடையோடு திரும்பி வந்தார்கள். டிரம்மைத் தட்டினால் டங்கென்றது. பலகை மட்டும் பளபளவென்று தொங்கியது. ஓட்டாயி நேரே குழுவிடம் போய் முறையிட்டாள். கஜபதி ஒரு மரத்தில் சாய்ந்து, துதிக்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினுக்கு வச்சதைக் காடே குடிச்சிடுச்சு ஐயா. எல்லாருக்கும் வயிறு வேற போயிடுச்சு."

"குழு தேர்ச்சி கொடுத்த எண்ணெயில குறை இருக்க முடியாது. குறை வயித்துலதான்."

"எல்லார் வயித்துலயுமா, ஐயா?"

"ஆமா. அது பொதுக் குறை." சொல்லிவிட்டு யானை அவசரமாகப் புதர்ப் பக்கம் நடந்தார். அவர் டோக்கன் வாங்கவில்லை.

ஓட்டாயி குளத்துக்கு வந்தாள். நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தண்ணீர். சுற்றிலும் சேறு. தாம்பாளத்தில் இடம் கிடைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. அவள் நகர்ந்து போய், தன் நிழல் அவற்றின் மேல் விழுகிற மாதிரி நின்றுகொண்டாள். வெயில் சாயச் சாய அவளும் நகர்ந்தாள். பருந்து கீழே இறங்கி ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறியது. அதற்கு அவசரமில்லை.

"அடுத்த டிரம்முக்கு நான் காவல் இருக்கேன், அக்கா" என்றான் சடையன்.

"நீ ஒருத்தன். காடு முழுக்க வாய்."

"அந்தப் பலகையைக் கழட்டி வீசிடுவோம்."

"பலகை இல்லாம ஓட்டினா குணசீலன் மறுபடி கைப்பிடியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவான்."

"பலகை இருந்தா குடிச்சிடுறாங்க, இல்லாட்டி பூட்டிடுறாங்க. அப்போ நாம என்னதான் பண்றது?"

ஓட்டாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"எண்ணெயைக் காய்ச்சுடா. வேற பலகை வாங்குவோம்."

ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனிச் சோதனை என்பது சட்டம். ஓட்டாயி இரண்டாவது டிரம்மோடு குழு முன்னால் நின்றாள். இந்த முறை கடலெண்ணெய் டின் பக்கமே போகவில்லை. புங்க எண்ணெயையே சட்டியில் ஊற்றி, அதிலேயே வடையைப் போட்டாள்.

தலைவர் ஆசையாக ஒரு வடையை முழுசாக வாயில் போட்டார். போட்டவர் அப்படியே நின்றார். துதிக்கை மேலே போனது, காது முன்னால் வந்தது, வடை வெளியே வந்தது. மயில் அம்மாள் சிங்காரத்துக்கு மாட்டியிருந்த இரவல் தோகை தானாக விரிந்துகொண்டது, மழை வரப்போகிறது என்று எங்கோ ஒரு தவளை ஏமாந்து கத்தியது. நரி விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணீர் விட்டான்.

"விஷம்! விஷம்! எழுது குணசீலா! தகுதியற்றது! நச்சுப்பொருள்! யாரும் தொடக் கூடாது!"

"ஐயோ, ஐயா! எங்க உழைப்பு!" என்று ஓட்டாயி ஓட்டைத் தரையில் மோதி அழுதாள். சடையனிடம் அவள் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அதனால் அவன் நிஜமாகவே அழுதான். அது ரொம்ப உதவியாக இருந்தது.

"ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது. பூராவும் எரிச்சு அழிச்சிடணும்" என்றார் தலைவர்.

ஓட்டாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழிச்சிடறோம், ஐயா. ஆனா கோடைக்காலம். வெட்டவெளியில எரிச்சா காடு பத்திக்காதா?"

"அப்போ இரும்புக்குள்ள வச்சு எரி."

"ஒரேயடியா எரிச்சா வெடிச்சிட்டா?"

"சொட்டுச் சொட்டா விட்டு எரி" என்றான் நரி, தன் பங்குக்கு.

"புகை வருமே. அம்மாளுக்கு ஆகாதே."

"நல்லா மூடி வச்சு எரிக்கணும். புகையை ஒரு குழாய் வழியா மேலே விட்டுடணும்" என்றாள் மயில்.

"எழுதிக் கொடுத்திடுங்க, ஐயா. படிக்காதவ நான், மறந்திடுவேன்."

எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையும் வைத்தார்கள். கொட்டகைக்கு வந்ததும் ஓட்டாயி அந்தப் பலகையைச் சடையனிடம் காட்டிக் கேட்டாள்: "இரும்பால இருக்கணும். மூடியிருக்கணும். சொட்டுச் சொட்டா விட்டு எரிக்கணும். புகை குழாய் வழியா மேலே போகணும். நம்ம கிட்ட அப்படி ஏதாவது இருக்காடா?"

சடையன் ரொம்ப நேரம் யோசித்தான். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் இன்ஜினைப் பார்த்தான். பிறகு ஆமையைப் பார்த்தான்.

"அக்கா!"

"சுத்துடா கைப்பிடியை."

டுக்கு டுக்கு டுக்கு. தண்ணீர் வந்தது. சேற்றில் கிடந்த குஞ்சுகள் ஒன்றொன்றாக மிதந்தன. டிரம்மில் 'நச்சுப்பொருள்' என்று பலகை தொங்கியது. காட்டுப்பன்றிகள் அதைப் படித்துவிட்டுச் சுற்றுவழியில் போயின.

சத்தம் கேட்டு நரி ஓடி வந்தான்.

"இன்ஜின் ஓடுது! யார் உத்தரவு?"

"உங்க உத்தரவுதான், ஐயா. அழிச்சிக்கிட்டு இருக்கேன்." ஓட்டாயி பலகையை நீட்டினாள்.

நரி ஒவ்வொரு வரியாகப் படித்து, இன்ஜினோடு ஒத்துப் பார்த்தான். இரும்பு, சரி. மூடி, சரி. சொட்டு, சரி. குழாய், அதுவும் சரி.

"அப்போ அந்தத் தண்ணி?"

"அழிக்கிறப்போ வர்ற கழிவு, ஐயா."

நரி கழிவை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தான். "இதை ஓடையில கலக்க விடாதே. குளத்திலேயே தேக்கி வை. யாரும் தொடக் கூடாது. இந்த மாதிரி எண்ணெய் இன்னும் இருக்கா?"

"காடு முழுக்கப் புங்கமரம்தானே, ஐயா."

"ஆபத்து! அத்தனையையும் பிழிஞ்சு, சோதனைக்குக் கொண்டு வந்து, முறைப்படி அழிச்சாகணும். சுணங்கக் கூடாது."

"உத்தரவு, ஐயா."

அப்படித்தான் மூன்றாவது டிரம் குழுவுக்குப் போனது. ஆனால் அதற்குள் சடையனுக்குக் கை பழகிவிட்டது. எண்ணெயை அவ்வளவு சுத்தமாக அலசியிருந்தான். குழுவின் அடுப்படியில் ஓட்டாயி முதல் வடையைச் சுட்டு, ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. கசப்பு ரொம்பக் குறைந்திருந்தது. பசித்தவன் தின்றுவிடுவான்.

வெளியே தலைவர் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டாயி அவசரமாக வெளியே ஊர்ந்து, ஒரு வாய் வேப்பங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நைசாக அரைத்து, மாவில் கலந்து, அடுத்த வடையைத் தட்டினாள்.

*

நீதி: உருப்படியான பொருளைக் கண்டுபிடித்தால், உருப்படாதது என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்க. நல்லது என்று எழுதினால் ஊரே குடித்துவிடும்.